ஏழரைக்கு வீடு, எட்டேகாலுக்குச் சாப்பாடு: தோசையை விட்டா ராத்திரிக்கு வேற என்ன செய்றீங்க?

ரயில் சிநேகிதி:

எல்லாருக்கும் வணக்கம். ராத்திரி சமையலுக்கு யோசனை கேட்டு வந்திருக்கேன். வேலைக்குப் போய்ட்டு வந்து அடுப்பைப் பத்த வைக்கிறவங்க, உங்க வீட்ல நிஜமா என்ன நடக்குதோ அதைச் சொல்லுங்க.

என் நிலைமை இது. ஆபீஸ் கிண்டியில. ஆறு மணிக்குக் கிளம்பி, செங்கல்பட்டு வண்டியைப் பிடிச்சு, கூடுவாஞ்சேரியில இறங்கி, ஸ்டாண்டுல இருந்து ஸ்கூட்டியை எடுத்துட்டு வீட்டுக்குள்ள நுழையும்போது ஏழரை. பையன் எட்டாவது, பொண்ணு ரெண்டாவது. எட்டேகாலுக்குள்ள சாப்பிட்டாதான் பொண்ணு தூங்காம சாப்பிட்டு முடிப்பா. மாமியாருக்குச் சர்க்கரை இருக்கு. முட்டி வலியால அடுப்பு முன்னாடி நிக்க முடியாது, ஆனா உக்காந்துக்கிட்டு காய் நறுக்கித் தருவாங்க. வீட்டுக்காரர் வர ஒன்பது ஆகும்.

மதியச் சாப்பாடு காலையிலயே முடிஞ்சிடும். இடிக்கிறது ராத்திரிதான். மாவு இருக்குன்னு தைரியமா வருவேன். ஆனா தேங்காயைத் துருவி, சட்னி அரைச்சு, தாளிச்சு, ஒவ்வொருத்தருக்கா தோசை ஊத்தி முடிக்கிறதுக்குள்ள எட்டே முக்கால். "இன்னிக்கும் தோசையாம்மா"ன்னு பையன் கேக்கும்போது கஷ்டமா இருக்கு. வாரத்துல ரெண்டு நாள் வெளியில ஆர்டர் போட ஆரம்பிச்சிட்டோம். அதுல எண்ணெயும் உப்பும் இருக்கிற இருப்புக்கு மாமியாருக்குக் கொடுக்கவே பயமா இருக்கு.

பொண்ணு காரம் தொட மாட்டா. மாமியாருக்கு ராத்திரி வெள்ளைச் சோறு குறைக்கச் சொல்லியிருக்காங்க. முட்டை சாப்பிடுவோம். மீன், கறி ஞாயித்துக்கிழமை மட்டும். ரெண்டு பர்னர் அடுப்பு, 5 லிட்டர் குக்கர், ஒரு மிக்ஸி. ஓட்ஸ், பாஸ்தா மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க, வீட்ல யாரும் சாப்பிட மாட்டாங்க.

கோபிக்காரி:

வணக்கம்ங்க கண்ணு. நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரி, இப்ப ஓசூர்ல இருக்கேன். தையல் யூனிட்ல சூப்பர்வைசர். ஷிப்ட் முடிஞ்சு வீடு வர எனக்கும் ஏழு ஆயிடும், அதனால இது எனக்கு நல்லாத் தெரிஞ்ச சங்கதி.

நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். உங்க நேரத்தைத் தின்னது தோசை இல்லைங்க, சட்னி. நம்ம ராத்திரிச் சமையல்ல நேரம் பூராவும் போறது "தொட்டுக்க என்ன?"ங்கிற கேள்விக்குத்தான். சப்பாத்தின்னா குருமா, இட்லின்னா சாம்பார், பூரின்னா கிழங்கு. ஒரு வேளைக்கு ரெண்டு சமையல். அதனால வேலை நாள்ல ராத்திரிக்கு நான் வச்சிருக்கிற ஒரே விதி, தனியாத் தொட்டுக்க கேக்காத சாப்பாடு. அப்பளம், தயிர், ஊறுகாய், பொடி, இந்த நாலும் டப்பாவுலயோ ஃப்ரிட்ஜுலயோ இருந்து தட்டுக்கு வர்றது, அது கணக்குல சேராது.

முதல்ல எங்க ஊர் அரிசிம்பருப்புச் சோறு. கோயமுத்தூர், ஈரோடு பக்கம் எந்த வீட்டைக் கேட்டாலும் வாரத்துல ஒரு நாள் இது இருக்கும். விருந்தாளி திடீர்னு வந்தாலும் இதேதான். உங்க அஞ்சு பேருக்கு 1½ கப் அரிசி, ½ கப் துவரம் பருப்பு. அரிசி நீங்க தினம் ஆக்குற பொன்னியே போதும். ரெண்டையும் கழுவி ஒண்ணா ஊற வச்சுட்டு முகம் கழுவி ஒரு டீ குடிங்க, கால் மணி நேரம் ஊறினாப் போதும்.

குக்கர்ல ரெண்டு குழிக்கரண்டி கடலெண்ணெய். கடுகு, சீரகம் பொரிஞ்சதும் வரமிளகாய் மூணு, தட்டின பூண்டு ஏழெட்டுப் பல், கறிவேப்பிலை, அப்புறம் சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடிக்கு மேல. பெரிய வெங்காயத்துல செய்யலாம், ஆனா அந்த வாசம் வராது, நான் செய்ய மாட்டேன். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் தக்காளி ரெண்டு, மஞ்சள் தூள், மல்லித்தூள் ஒரு ஸ்பூன். பாப்பாவுக்காக மிளகாய்த்தூளை விட்டுடுங்க, வரமிளகாயையும் கிள்ளாம முழுசாப் போடுங்க, காரம் அவ்வளவா இறங்காது. தண்ணி 6 கப் வரும், புழுங்கலரிசின்னா அரை கப் கூட.

இப்பத்தான் முக்கியமான இடம். தண்ணி கொதி வர்றதுக்கு முன்னாடி மூடியைப் போட்டுடாதீங்க. அரிசி, பருப்பைப் போட்டு, உப்பும் போட்டு, ஓரத்துல சின்னச் சின்னதா நுரை கட்டி நடுவுல ஒரு கொதி எழும்பும் பாருங்க, அப்ப கரண்டியில ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில விட்டு ருசி பாருங்க. தண்ணியில உப்பு ஒரு கல் தூக்கலா இருக்கணும். அரிசி குடிச்சதுக்கு அப்புறம் அது சரியா நிக்கும். தண்ணியிலயே உப்பு சரியா இருந்தா சோறு சப்புன்னு ஆயிடும். மூடி போட்டு மூணு விசில், அடுப்பை அணைச்சுட்டு ஆவி தானா அடங்க விடுங்க. விசிலைத் தூக்கி ஆவியை விரட்டாதீங்க, அந்தப் பத்து நிமிஷத்துலதான் சோறு பொலபொலன்னு ஆகாம, குழையாம, நடுவாந்திரமா வரும். அந்த நேரத்துல பாப்பாவோட டைரியைப் பார்த்துடலாம்.

திறந்ததும் ஒரு ஸ்பூன் நெய். தட்டுல போட்டு மேல கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டுக்கிட்டும் சாப்பிடுவோம். தயிரும் அப்பளமும் போதும். முருங்கைக்கீரை கிடைச்சா ரெண்டு கைப்பிடி, இல்லாட்டி அவரைக்காயைப் பொடிசா நறுக்கி அதுலயே போட்டுடுங்க, தனியாப் பொரியல் வேண்டாம்.

அடுத்தது அடை. அடை மாவு புளிக்க வேண்டாம்ங்கிறதுதான் அதோட பெரிய சௌகரியம். இட்லி அரிசி ஒரு பங்கு, பருப்பெல்லாம் சேர்ந்து ஒரு பங்கு. கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, ஒரு கைப்பிடி உளுந்து. வழக்கமா ரெண்டுக்கு ஒண்ணு போடுவாங்க, அம்மாவுக்குச் சர்க்கரைங்கிறதால அரிசியைக் குறைக்கச் சொல்றேன். காலையில எழுந்ததும் ஊற வச்சா, கிளம்புறதுக்கு முன்னாடி வரமிளகாய், சோம்பு, பெருங்காயம், உப்பு சேர்த்துக் கொரகொரன்னு அரைச்சு ஃப்ரிட்ஜுல வச்சுடலாம். காலையில கை ஒழியலைன்னா ஊற வச்ச பாத்திரத்தை அப்படியே ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளிடுங்க, சாயங்காலம் அரைச்சுக்கலாம். வெளியில விட்டுட்டுப் போகாதீங்க, சென்னை வெக்கைக்குத் தண்ணி நாத்தம் அடிச்சிடும். அடை கனமா இருக்கும், பெரியவங்களுக்கு ரெண்டு போதும். வெல்லத்தைத் தூளாக்கி பாப்பா தட்டுல வைங்க.

அப்புறம் ஞாயித்துக்கிழமை வேலை. இதை மட்டும் விட்டுடாதீங்க. தக்காளி ஒரு கிலோ, வெங்காயம் அரைக் கிலோ, பூண்டு ரெண்டு முழுக்கட்டி. நல்லெண்ணெய் தாராளமா விட்டு, மிளகாய்த்தூள் குறைச்சலாப் போட்டு, எண்ணெய் பிரிஞ்சு ஓரத்துல நிக்கிற வரைக்கும் வதக்கி ஒரு தொக்கு. ஈரமில்லாத பாட்டில்ல போட்டு ஃப்ரிட்ஜுல வச்சா வெள்ளிக்கிழமை வரைக்கும் தாராளமா வரும், ஈரக் கரண்டி மட்டும் படக் கூடாது. இந்த ஒரு பாட்டில் எத்தனை வேலை செய்யுது பாருங்க. தோசைக்குச் சட்னி இதுதான். ரெண்டு கரண்டி எடுத்துத் தண்ணி விட்டுக் கொதிக்க வச்சு அவிச்ச முட்டையைப் போட்டா முட்டைக் குழம்பு. வறுத்த சேமியாவுல போட்டா தக்காளிச் சேமியா. மிச்சமான சப்பாத்தியைப் பிச்சுப் போட்டு முட்டையை உடைச்சு ஊத்திக் கொத்தினா கொத்துச் சப்பாத்தி, உங்க பையன் அதுக்கப்புறம் "இன்னிக்கும் தோசையா"ன்னு கேக்கவே மாட்டான்.

சின்ன வெங்காயத்தை உரிக்கிறது பெரிய வேலைன்னு பலரும் விட்டுடறாங்க. கால் மணி நேரம் தண்ணியில போட்டு வச்சா தோல் வழுக்கிட்டு வரும். உரிச்சுத் துடைச்சு மூடின டப்பாவுல வைங்க. இதை உங்க மாமியார் உக்காந்துக்கிட்டே செய்வாங்க. தேங்காயும் அப்படித்தான், ஒரே தடவை துருவி ஃப்ரீசர்ல சின்னச் சின்ன டப்பாவா.

மல்லிகைப்பந்தல்:

கோபி அக்கா சொன்னதுல ஒரு சொல் தள்ளத் தேவையில்லை. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. வீட்டுக்காரர் ஒன்பதுக்கு வர்றார், சரி. காலையில? ஞாயித்துக்கிழமை? எட்டாவது படிக்கிற பையன் ஏழு மணிக்கு வீட்லதானே இருக்கான்? அரிசி பருப்பைக் கழுவி ஊற வைக்க, முட்டையை வேக வைக்க, குக்கருக்குத் தண்ணி அளந்து வைக்க அவனுக்குத் தெரியணும். எங்க மதுரை வீட்ல நான் பஸ்ல ஏறினதும் போன் போடுவேன், பெரியவன் அரிசியை ஊறப் போட்டுடுவான். நான் வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டும்போது பாதி வேலை முடிஞ்சிருக்கும். ஆம்பளப் பசங்க கத்துக்கிட வேண்டிய வயசு இதுதான்.

பனங்கிழங்கு:

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம். கிளிநொச்சியில ஒரு பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன், ஏ9 ரோட்டில பஸ்ஸில போய் வாறது. பின்னேர வகுப்பு இருக்கிற நாளில வீட்ட வர இருட்டிப் போகும்.

எங்கட வீட்டில அவசரத்துக்கு எப்பவும் கை குடுக்கிறது மைசூர்ப்பருப்பு. நீங்கள் அங்க துவரம்பருப்பைக் குக்கரில போட்டு விசிலுக்கு நிக்கிறியள். இந்தச் செம்மஞ்சள் பருப்புக்கு ஊறவும் தேவையில்லை, குக்கரும் தேவையில்லை. ஒரு கப் பருப்பைக் கழுவி, ரெண்டரைக் கப் தண்ணி விட்டு, வெங்காயம், ரெண்டாக் கீறின பச்சைமிளகாய், நாலு பல்லு உள்ளி (உங்கட பூண்டு), மஞ்சள் போட்டுச் சும்மா சட்டியில அவிய விடுங்கோ. கால் மணித்தியாலத்தில மசிஞ்சிடும். பிறகு தடிப்பான தேங்காய்ப்பால் அரைக் கப், உப்பு. பால் விட்டாப் பிறகு பெரிசாக் கொதிக்க விடக் கூடாது, ஒரு கொதி வர இறக்கிப் போடுங்கோ. செத்தல்மிளகாய் (வரமிளகாய்), கடுகு, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டினால் சரி. பச்சைமிளகாயை அரியாமல் கீறிப் போட்டால் பிள்ளைக்கு எடுத்து வைச்சுக் குடுக்கலாம், அவ்வளவா உறைக்காது.

நாங்கள் இதைப் பாணோட (பிரெட்) சாப்பிடுவம், இல்லாட்டிப் புட்டோட. புட்டுக்குச் சிவப்பரிசி மாவை வறுத்து டின்னில வைச்சிருப்பம். உப்புப் போட்ட சுடுதண்ணியை விட்டுக் குழைச்சு, தேங்காய்ப்பூ (துருவின தேங்காய்) போட்டு நீத்துப்பெட்டியில, அதுதான் புட்டு அவிக்கிற ஓலைப்பெட்டி, அவிச்சால் பத்து நிமிசம். உங்கட மாமியாருக்கு ஒரு சின்னக் கோப்பைப் புட்டு, நிறையப் பருப்பு, ஒரு கீரை எண்டு வைச்சால் வயிறு நிறையும். தேங்காய்ப்பால் பிழிய நேரமில்லாத நாளில நான் தேங்காய்ப்பால்மாப் பைக்கெற்றைத்தான் கரைக்கிறனான்.

தாமிரபரணி:

தங்கச்சி, நான் திருநெல்வேலி. வீட்டம்மா நர்ஸ், நைட் டூட்டி வர்ற வாரம் அடுப்படி என் பொறுப்பு. ரெண்டு பிள்ளைங்க.

கோபிக்காரங்களுக்கு அரிசிம்பருப்புன்னா எங்களுக்கு உளுந்தஞ்சோறு. கறுப்புத் தொலி உளுந்து அரைக் கப்பை வெறும் சட்டியில வாசம் வர வறுத்துக்கிடணும். அரிசி ஒரு கப், முழுப் பூண்டுப் பல்லு பதினஞ்சு, வெந்தயம் அரை ஸ்பூன், சீரகம், தேங்காத்துருவல் அரைக் கப், உப்பு, தண்ணி நாலு கப். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு நாலு விசில். வதக்க வேண்டாம், தாளிக்க வேண்டாம். பூண்டு வெந்து வெண்ணெய் கணக்கா நசுங்கும், பிள்ளைங்க பூண்டுன்னே தெரியாம சாப்பிட்டுருவாங்க. எள்ளுத் துவையல் இதுக்குப் பொருத்தம். முந்தின ஞாயித்துக்கிழமை எள்ளையும் வரமிளகாயையும் வறுத்துப் பொடிச்சு வச்சிருந்தா, ராத்திரி கொஞ்சம் புளியும் உப்பும் தண்ணியும் சேத்து ஒரு சுத்து சுத்தினா துவையல் ஆயிரும். வெள்ளிக்கிழமை ராத்திரி வச்சுக்கோங்க, கொஞ்சம் கனமான சாப்பாடு, மறுநாள் பள்ளிக்கூடம் இல்லைன்னா நல்லது.

இன்னொண்ணு, இது வீட்டம்மா எனக்குச் சொன்னது, கண்டிப்பாச் சொல்லணும். மதியம் வடிச்ச சோத்தை ராத்திரிக்குத் தாளிச்சுக்கிடலாம்னு நிறைய பேர் வெளியவே வச்சிருதாங்க. வேக வச்ச அரிசியிலயும் சாகாம பிழைச்சுக்கிடுத கிருமி ஒண்ணு உண்டு, பேசில்லஸ் செரியஸ்னு பேரு. சோறு வெதுவெதுன்னு மணிக்கணக்கா வெளிய கிடந்தா அது பெருகி ஒரு நஞ்சை விடும். அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம்னு கிளற நினைச்சா, சூடு ஆறினதும் மூடி ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிருங்க. தண்ணி ஊத்தி வைக்குத பழைய சோறு வேற கதை, அது இங்க வேண்டாம்.

ரயில் சிநேகிதி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்ளோ விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கலை. ராத்திரி வண்டியில நின்னுக்கிட்டே எல்லாத்தையும் படிச்சேன்.

மல்லிகைப்பந்தல் அக்கா, தப்பா எதுவும் நினைக்கலை. ஞாயித்துக்கிழமை வெங்காயம் உரிக்கிறது அவர் வேலைன்னு வீட்ல பேசி முடிச்சாச்சு. பையனுக்கு போன் பண்ணற யோசனை எனக்குத் தோணவே இல்லை.

அரிசிம்பருப்புச் சோறு நேத்து செஞ்சேன். உப்பு, அக்கா சொன்ன மாதிரியே உள்ளங்கையில விட்டுப் பார்த்துப் போட்டேன், அளவா இருந்துச்சு. பொண்ணு நெய் விட்டு ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினா. ஆனா ஒரு சந்தேகம். அரிசி நல்லா வெந்துடுச்சு, பருப்பு மட்டும் அங்கங்க முழுசா, கடிபட்டுச்சு. எங்க வீட்ல சாம்பாருக்கும் இதே கதைதான், எத்தனை விசில் விட்டாலும். பருப்பு புதுசுதான். எங்க ஏரியாவுல எல்லாமே போர் தண்ணி, பாத்திரத்துல வெள்ளையாப் படியும். அதுதான் காரணமா?

ரெண்டாவது, மாமியாருக்கு எட்டேகால் வரைக்கும் சாப்பாடு இல்லாம இருக்கிறது சரியான்னு ஒரு யோசனை. மாத்திரையை ஏழு மணிக்கே போட்டுடறாங்க. அவங்களுக்கு ராத்திரிக்கு வேற என்ன கொடுக்கலாம்?

கோபிக்காரி:

கண்ணு, முதல்ல ரெண்டாவது கேள்வி. மாத்திரையைப் போட்டுட்டு சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறது கூடாதுங்க. சில சர்க்கரை மாத்திரைக்கு அப்படி இருந்தா சர்க்கரை சட்டுனு இறங்கி, வேர்த்து, படபடன்னு வந்துடும். எங்க அம்மாவுக்கு டாக்டர் முதல்ல சொன்னதே இதுதான். நீங்க வர்ற நேரத்தைச் சொல்லி, மாத்திரையை எந்த நேரத்துக்கு மாத்திக்கலாம்னு அவங்க டாக்டர்கிட்டயே கேட்டுடுங்க, நீங்களா மாத்த வேண்டாம். அதுவரைக்கும் ஏழு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் அவங்க கைக்கு எட்டுற இடத்துல இருக்கட்டும். கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ காலையிலயே வேக வச்சு ஃப்ரிட்ஜுல வச்சுட்டா, பையன் எடுத்துச் சூடு பண்ணித் தருவான்.

அவங்க ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சம்பா ரவைக் கிச்சடி. ஒரு கப் சம்பா கோதுமை ரவை, கால் கப் பாசிப்பருப்பு, ரெண்டையும் லேசா வறுத்துக்கோங்க. கேரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி எல்லாம் சேர்ந்து ரவையை விடக் கூடுதலா இருக்கணும். தண்ணி 3½ கப், மூணு விசில். இதை அவங்களுக்கு மட்டும் தனியாச் செய்யாதீங்க, அது திரும்பவும் ரெண்டு சமையல். ரெண்டு மடங்கு வச்சு எல்லாருக்குமே போடுங்க. ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. கோதுமை ரவைன்னாலும் குதிரைவாலின்னாலும் சர்க்கரை ஏறத்தான் செய்யும். நார் இருக்கிறதால கொஞ்சம் மெதுவா ஏறும், அவ்ளோதான். சிறுதானியம்தானேன்னு ரெண்டு தட்டு சாப்பிட்டா அரிசி சாப்பிட்ட மாதிரியேதான். முதல்ல காயும் சுண்டலும், அப்புறம் ஒரு கிண்ணம் கிச்சடி. அளவை டாக்டர் சொன்ன மாதிரி வச்சுக்கோங்க.

இப்பப் பருப்பு. ஆமாங்க, தண்ணிதான். பாத்திரத்துல வெள்ளையாப் படியுற அந்தச் சுண்ணாம்புச் சத்து பருப்பை இளக விடாது. பருப்புக்குள்ள இருக்கிற பசையோட அது சேர்ந்து கெட்டிப்படுத்திடும். குக்கருக்குள்ள சூடு 120 டிகிரி வரைக்கும் போகும், அதுலயும் வேகலைன்னா முதல்ல தண்ணியைத்தான் சந்தேகப்படணும். ஓசூருக்கு வந்த புதுசுல எங்க வீட்லயும் இதே கூத்துதான், கோபியில வாய்க்கால் தண்ணியில வெந்த பருப்பு இங்க வேகலை.

குடிக்கிற கேன் தண்ணியில சமைங்க. அலசுறதுக்குப் போர் தண்ணி பரவாயில்லை, ஊற வைக்கிறதும் வேக வைக்கிறதும் கேன் தண்ணி. பருப்பை மட்டும் காலையிலயே ஊறப் போட்டு ஃப்ரிட்ஜுல வச்சுட்டுப் போங்க, அரிசியைச் சாயங்காலம் பையன் ஊறப் போடட்டும். அடுத்தது தக்காளி. புளிப்பு இருந்தாலும் பருப்பு வேக நேரம் எடுக்கும். உங்க தக்காளி ரொம்பப் புளிப்பா இருந்தா ரெண்டுக்குப் பதிலா ஒண்ணு போடுங்க. நல்லாப் பழுத்த பெங்களூர் தக்காளின்னா கவலையில்லை. இதெல்லாம் செஞ்சும் வேகலைன்னா கடையில வாங்கின பருப்புதான் பழசு, பாக்கெட் புதுசா இருந்தாலும் உள்ள இருக்கிறது போன வருஷத்து விளைச்சலா இருக்கலாம். கடையை மாத்திப் பாருங்க.

அவசரம்னா பனங்கிழங்கு அக்கா சொன்ன மைசூர்ப் பருப்பையே அரிசியோட போட்டுடலாம். ருசி வேற மாதிரி இருக்கும், கொஞ்சம் குழைவா வரும். ஆனா கண்டிப்பா வெந்துடும். அரிசிம்பருப்புன்னு எங்க அம்மா ஒத்துக்க மாட்டாங்க, பசிச்ச பிள்ளைங்க ஒத்துக்கும்.

பனங்கிழங்கு:

மைசூர்ப்பருப்பை அரிசியோட போடுறதெண்டால் தண்ணியை அரைக் கப் குறையுங்கோ. அது ஊறாமலே சீக்கிரம் கரையுற பருப்பு, இல்லாட்டிக் கஞ்சியாப் போயிடும்.

ரயில் சிநேகிதி:

கேன் தண்ணி விஷயம் பலிச்சது! இன்னிக்குப் பருப்பு விரல்ல நசுங்குற அளவுக்கு வெந்திருக்கு. ஏழு மணிக்குப் பையனுக்கு போன் பண்ணினேன், அரிசியை அலசி ஊறப் போட்டு, குக்கரை அடுப்பு மேல எடுத்து வச்சு, வெங்காய டப்பாவையும் பக்கத்துல வச்சிருந்தான். எட்டு பத்துக்கு நாலு தட்டு போட்டாச்சு. அதுல ஒண்ணு என் தட்டு, நானும் உக்காந்து சாப்பிட்டேன். மாமியார் சுண்டல் சாப்பிட்டிருந்ததால அரைக் கிண்ணம்தான் வாங்கினாங்க. சனிக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போறோம், மாத்திரை நேரத்தைக் கேட்டுடறேன்.

கடைசியா ஒண்ணு. தொக்கு ஞாயித்துக்கிழமை போடலாம்னு இருக்கேன். தக்காளி விலை ஏறிப்போற மாசத்துல நீங்க என்ன செய்வீங்க அக்கா? ஒரு கிலோன்னா யோசிக்க வேண்டியிருக்கு.

கோபிக்காரி:

விலை ஏறினா தக்காளி கால் கிலோ, வெங்காயம் ஒரு கிலோன்னு திருப்பிப் போட்டுக்குவேன். புளிப்புக்கு நெல்லிக்காயளவு புளியைக் கெட்டியாக் கரைச்சு விட்டு, கூடவே ஒரு துண்டு வெல்லம், அம்மாவுக்குக் கொடுக்கிறதுன்னா வெல்லம் வேண்டாம். வெங்காயம் நல்லா செவக்க வதங்கணும், அதுக்குப் பொறவுதான் புளி. முன்னாடியே புளியை விட்டா வெங்காயம் இளகாம நறுக்குன்னு நிக்கும். எண்ணெய் பிரியிற வரைக்கும் இறக்காதீங்க. இது தக்காளித் தொக்கை விடவும் ரெண்டு நாள் கூட நிக்கும்ங்க.